வான்கோழிக்கு முன்னால் ஒரு மைல்

போன இதழில் எதற்கோ பதில் சொல்லப்போய், அயர்லாந்தில் இருந்த நாளில் ஒரு கிறிஸ்துமஸ் காலை ஊரோடு சேர்ந்து ஒரு மைல் ஓடினேன் என்று எழுதிவிட்டேன். என்னை நேரில் பார்த்திருக்கும் வாசகர்கள் அதை லேசில் விடுவதாக இல்லை. குவிந்த கேள்விகளில் அச்சில் போடக்கூடியவை மட்டும் இங்கே. மிச்சத்தை என் மனைவி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார், என்றைக்காவது உதவும் என்று.

கே: சத்தியமாகச் சொல்லுங்கள், ஓடினீர்களா? (ஈரோட்டிலிருந்து)

ப: முதல் இருநூறு மீட்டர் ஓட்டம். அப்புறம் நடை. கடைசிப் பகுதியில், எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் பேச்சுக் கொடுத்தபடியே என்னை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார், சாயங்காலம் மாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டுவது மாதிரி.

கே: அது என்ன ஓட்டம்? யார் நடத்துகிறார்கள்? கொஞ்சம் விளக்கமாக.

ப: ‘கோல் மைல்’ என்று பெயர். கோல் என்பது அயர்லாந்து நிவாரண நிறுவனம் ஒன்று. 1977-ல் அதை ஆரம்பித்த ஜான் ஓஷே விளையாட்டுப் பத்திரிகைக்காரர். பெயரிலேயே தொழில் வாசனை அடிக்கிறதல்லவா? அந்த நிறுவனத்துக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஜனங்கள் ஒரு மைல் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள், தள்ளுவண்டி தள்ளுகிறார்கள். சில ஊரில் முந்தின நாள், சில ஊரில் மறுநாள். பெரும்பாலும் 25-ம் தேதி காலையிலேயே.

நான் இருந்தது மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஆறு பப். பூசை முடிந்ததும் கூட்டம் அப்படியே, ‘கேலிக்’ என்கிற அயர்லாந்துக் கால்பந்து ஆடும் மைதானத்துக்கு நகர்ந்தது. வாசலில் மடக்கு மேஜை, அதன்மேல் பிளாஸ்டிக் வாளி. பெயிண்ட் வாளிதான், கழுவியிருந்தார்கள், ஆனால் விளிம்பில் பச்சை பாக்கி இருந்தது. பக்கத்தில் விரல் நுனி வெட்டிய கையுறையோடு ஓர் அம்மாள். சீட்டு கிடையாது, எண் அட்டை கிடையாது, கடிகாரமும் கிடையாது. வாளியில் முடிந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். புல்லெல்லாம் உறைபனியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சாண்டா முந்தின இரவு கொண்டுவந்த சைக்கிளை விட்டு இறங்க மறுத்து ஒரு பையன் அதிலேயே ‘ஓடினான்’. ஒரு நாய்க்குக் கலைமான் கொம்பு கட்டியிருந்தார்கள். அதன் முகத்தில் இருந்த அவமானத்தை நான் வேறு எந்த ஜீவனிடமும் பார்த்ததில்லை.

மைதானத்தை மூன்றரைச் சுற்று வந்தால் ஒரு மைல் என்று கணக்கு. யாரும் எண்ணவில்லை. இரண்டு சுற்றில் முடித்துக்கொண்டவர்களும் உண்டு, பேச்சு சுவாரஸ்யத்தில் ஐந்து சுற்று போனவர்களும் உண்டு.

கே: முதல் பரிசு என்ன?

ப: முதலில் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிப்பது. அதனால்தான் யாரும் வேகமாக ஓடுவதில்லை.

கே: எத்தனையோ நாள் இருக்க, கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தானா ஓட வேண்டும்?

ப: அன்றைக்கு வேறு என்ன செய்வதாம்? கடை கிடையாது. பஸ் ஓடாது, ரயில் ஓடாது. பப்பைக்கூட சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. பெரிய வெள்ளிக்கும் அதே பூட்டுதான் இருந்தது, 1927-லிருந்து. 2018-ல் அதைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. சூரியனோ காலை எட்டே முக்காலுக்கு வேண்டாவெறுப்பாக எழுந்து, நாலேகாலுக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். அடுப்பில் வான்கோழி வேக நாலு மணி நேரம். வீட்டுக்குள்ளே இருந்தால் மூன்று தலைமுறைக்கும் பழைய சண்டைகள் ஞாபகத்துக்கு வரும். வெளியே தள்ளி ஒரு மைல் ஓட விட்டவர் ஞானி.

கே: அங்கே இன்னும் மைல் கணக்குதானா? கிலோமீட்டர் வரவில்லையா?

ப: வந்துவிட்டது. 2005 ஜனவரி 20-ம் தேதி ஒரே ராத்திரியில் நாடு முழுக்க வேக வரம்புப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. பலகைதான் மாறியது, வாய் மாறவில்லை. அதற்கும் முன்னால் ‘ஐரிஷ் மைல்’ என்றே தனியாக ஒன்று இருந்தது. 2,240 கஜம், அதாவது நம் கணக்கில் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும். இங்கிலீஷ் மைல் பதினாலு நடந்தால் ஐரிஷ் மைல் பதினொன்றுதான் ஆகும். எனவே அந்த நாட்டில் வயதானவர் யாராவது “இங்கேதான், ஒரு மைல்” என்று வழி சொன்னால், எந்த மைல் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கே: மழை பெய்தால் ஓட்டம் ரத்தா?

ப: மழைக்கு ரத்து செய்வதென்றால் அந்த நாட்டையே ரத்து செய்ய வேண்டும். தூறலை அவர்கள் மழையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ‘சாஃப்ட் டே’ என்பார்கள். முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘கிராண்ட்’ என்பார். அரண்மனை மாதிரி இருப்பதாக எண்ண வேண்டாம். உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

கே: இப்படியெல்லாம் ஓடுகிறவர்கள் கிராக்குகளா?

ப: அவர்கள் காதில் விழுந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நம் ஊரில் கிராக் என்றால் மரை கழன்றவர். அங்கே ‘கிராக்’ என்றால் கூடிப் பேசி, சிரித்து, கேலி செய்து கழிக்கிற நல்ல பொழுது. ஐரிஷ் மொழியில் அதற்குத் தனி எழுத்துக்கூட்டலே வைத்திருக்கிறார்கள். “அங்கே கிராக் எப்படி?” என்று ஒருவர் முதல் நாள் என்னிடம் கேட்டபோது, எங்கள் அலுவலக மேலாளரைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, “பரவாயில்லை, மாத்திரை சாப்பிடுகிறார்” என்று சொல்லிவிட்டேன்.

கே: ஓடித்தான் தானம் செய்ய வேண்டுமா? பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாமே! (மதுரை வாசகர்)

ப: வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கொடுக்கலாம். ஆனால் கொடுப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பேசாமல் வீட்டில் இருக்கிறவன் காசையும் பேசாமல் வீட்டிலேயே வைத்திருப்பான். நான் அப்படித்தான்.

கோல் மைலில் வாளி. மற்ற பல ஓட்டங்களில் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஓர் ஆயுதம் உண்டு, ஸ்பான்சர் கார்டு. ஓடப்போகிறவர் ஒரு மடித்த அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, அலுவலகத்தில் மேஜை மேஜையாக வருவார். அட்டையில் கோடு போட்டு மூன்று பத்தி: பெயர், தொகை, கொடுத்தாயிற்றா. அசல் மொய் நோட்டு! உங்களுக்கு முன்னால் எழுதியவர் இருபது யூரோ என்று எழுதியிருக்கும்போது நீங்கள் எந்த மூஞ்சியோடு இரண்டு யூரோ எழுதுவீர்கள்? விவரம் தெரிந்தவர்கள் அந்த அட்டையை முதலில் ஊரிலேயே தாராளமான ஆளிடம் கொண்டுபோய்ப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் மற்ற வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மொய் திரும்பும் என்பதும் அப்படியே. இன்றைக்கு என் அட்டையில் நீங்கள், அடுத்த மாதம் உங்கள் மகளின் அட்டையில் நான்.

இன்னொன்றும் கவனித்தேன். கையேந்துகிற சங்கடம் கேட்பவருக்குத்தானே? இங்கே கேட்பவர் முதலில் தன் மானத்தை முன்பணமாகக் கட்டிவிடுகிறார். எங்கள் ஊர் கறிக்கடைக்காரர் ஆறடி உயரம், நூறு கிலோ தேறுவார். வான்கோழி வேஷம் போட்டுக்கொண்டு, வருஷம் பூராவும் தான் வெட்டியதற்குப் பரிகாரம் மாதிரி, மைதானத்தைச் சுற்றி ஓடினார். பின்னால் முப்பது பிள்ளைகள் மரக்கரண்டியோடு துரத்தினார்கள். அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் மூச்சிரைக்க வந்து வாளியை நீட்டும்போது, பையைத் தடவிப் பார்த்து “சில்லறை இல்லையே” என்று சொல்லிப் பாருங்கள்.

கே: நிஜமான ஓட்டக்காரர்கள் யாராவது இதில் ஓடியதுண்டா?

ப: மைலும் கோலும் சேர்ந்த ஒரு பெரிய நாள் உண்டு. 1985 ஆகஸ்ட் 17. டப்ளின் பெல்ஃபீல்டு மைதானம். ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்குக் கோல் பணம் திரட்டிய நேரம். ஏமன் காக்லன், மார்கஸ் ஓசல்லிவன், ஃபிராங்க் ஓமாரா, ரே ஃபிளின் என்று நாலு அயர்லாந்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு மைல் வீதம் தொடரோட்டம் ஓடினார்கள். 15 நிமிடம் 49.08 விநாடி, உலக சாதனை. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் அதை அசைக்கவில்லை. ஆளுக்குச் சராசரியாக 3 நிமிடம் 57 விநாடி ஆகிறது. இந்தக் காக்லன்தான் 1994-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நாலு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர்.

என் நேரத்தையும் கேட்பீர்கள். 31 நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் கொம்பு கட்டிய நாயைத் தேற்றுவதில் போனது.

கே: அயர்லாந்துக்காரர்கள் தர்மப் பிரபுக்கள் என்கிறார்களே, காரணம் உண்டா? நமக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம்?

ப: உருளைக்கிழங்கு உரிப்பதைப் பற்றி மேலே கேலி செய்தேன். அந்தக் கிழங்கு அழுகித்தான் அந்த நாடு செத்தது. 1845-ல் நோய் விழுந்தது. ஏழைக்கு அது மட்டுமே சாப்பாடு. அடுத்த ஆறேழு வருஷத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். நூற்று எண்பது வருஷம் ஆகியும் மக்கள்தொகை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அந்தப் பஞ்சத்துக்கு வெளியூரிலிருந்து முதன்முதலில் காசு திரட்டிய ஊர்களில் ஒன்று எது தெரியுமா? கல்கத்தா. அங்கே பட்டாளத்தில் இருந்த அயர்லாந்துக்காரர்களும், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும், இந்தியர்களும் போட்டதெல்லாம் சேர்ந்து சுமார் 14,000 பவுண்டு. இப்போது முன்னால் சொன்ன 1977-க்கு வாருங்கள். ஜான் ஓஷேயும் நண்பர்களும் முதன்முதலில் திரட்டிய பத்தாயிரம் பவுண்டு எங்கே போனது? கல்கத்தாத் தெருக் குழந்தைகளின் சாப்பாட்டுக்கு. யாரும் கணக்குப் பார்த்துத் திருப்பியதல்ல. அப்படியே அமைந்துவிட்டது. ஆனால் மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை, பாருங்கள்.

1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரும் அனுப்பினார்கள், 170 டாலர். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழியெல்லாம் பிணமாக விழுந்து போய்ச் சேர்ந்து இருபது வருஷம்கூட ஆகாதவர்கள் அவர்கள். கார்க் மாவட்டத்து மிடில்டன் என்ற சின்ன ஊரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். வட்டமாக நிற்கும் ஒன்பது எஃகு இறகுகள். 2020-ல் கொரோனா நேரத்தில் நவாஹோ, ஹோப்பி பழங்குடியினருக்காக இணையத்தில் நிதி திரட்டியபோது, அயர்லாந்திலிருந்து காசு கொட்டியது. கொடுத்தவர்கள் பலர் அந்த 170 டாலரைத்தான் காரணமாக எழுதினார்கள்.

கே: பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டமும் உண்டாமே?

ப: டப்ளின் மகளிர் மினி மாரத்தான். 1983-ல் ஆரம்பம், முதல் வருஷமே சுமார் ஒன்பதாயிரம் பேர். பத்து கிலோமீட்டர், ஜூன் மாதத்து விடுமுறையை ஒட்டிய வார இறுதியில். சின்ன ஊர்களிலிருந்து பஸ் பிடித்து, எல்லோரும் ஒரே நிறத்துச் சட்டையில், ஊர் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ அட்டை நிறைத்துக்கொண்டு வருவார்கள். பெண்கள் மட்டும் என்பது விதி. அதற்காக விக்கும் பாவாடையும் உதட்டுச் சாயமுமாகப் புகுந்த தாடிக்காரர்கள் அந்த ஓட்டத்தின் பழைய வேடிக்கை.

கே: கடலில் பெண்கள் துணியில்லாமல் இறங்கி நன்கொடை திரட்டுவார்களாமே? என் நண்பர் கேட்கச் சொன்னார்.

ப: நண்பரிடம் சொல்லுங்கள், உண்மைதான். 2018 ஜூனில் விக்லோ கடற்கரையில் 2,505 பெண்கள் இறங்கினார்கள், உலக சாதனை. புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உதவும் அமைப்புக்காக. நண்பருக்கு இதையும் சொல்லுங்கள்: இதைத் தொடங்கியவர் மார்பகப் புற்றுநோயில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண். தழும்போடு கண்ணாடி முன் நிற்கவே கூசியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. தண்ணீர் எலும்பைக் குத்துகிற குளிர், எனவே நண்பர் எப்படியும் இறங்கியிருக்க மாட்டார்.

கே: எல்லாமே கேலியும் கூத்தும்தானா?

ப: ஒன்று அப்படியில்லை. மே மாதம், விடிகாலை நாலேகாலுக்குக் கிளம்பும் ஐந்து கிலோமீட்டர் நடை. ‘இருளிலிருந்து ஒளிக்கு’ என்று பொருள்படும் பெயர். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு இலவச ஆலோசனை தரும் பியெட்டா அமைப்புக்காக. 2009-ல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நானூறு பேரோடு ஆரம்பித்தது, இன்றைக்குக் கண்டம் கண்டமாகப் பரவியிருக்கிறது. எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. கும்மிருட்டில் கிளம்பினால் நடந்து முடிக்கும்போது வெளுத்திருக்கும். நான் கலந்துகொண்ட வருஷத்தில், முதல் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு முன்னால் போன தகப்பனார் முதுகில் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மடக்கி எழுதியிருந்தார்கள்.

கே: இப்படித் திரட்டும் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா, நம்மூர் மாதிரியா?

ப: நம்மூரை எதற்கு இழுக்கிறீர்கள்? 2013 வாக்கில் அங்கே ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தில், ஜனங்கள் கொடுத்த காசிலிருந்து மேலதிகாரிகளின் சம்பளத்துக்கு மேல்படி போட்டுக் கொடுத்தது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. 2014-ல் தொண்டு அமைப்புகளுக்கென்று தனிக் கண்காணிப்பு ஆணையம் வந்தது. கோலும் விலக்கல்ல. 2016-ல் சிரியா நிவாரணத்துக்காகத் துருக்கியில் பொருள் வாங்கிய விஷயத்தில் அமெரிக்க விசாரணை வந்து, தலைமை நிர்வாகி பதவி விலகினார். அந்த டிசம்பரிலும் மைல் ஓடினார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே ஓடலாம் என்பது என் கட்சி. மூச்சு இருந்தால்.

கே: இந்த ஓட்டங்கள் என்றைக்காவது நிற்குமா?

ப: தர்ம ஓட்டம் நின்றதாகக் கேள்விப்படவில்லை. ஆனால் கார்க் கடற்கரையில் பாலிகாட்டன் என்ற மீன்பிடி கிராமம், 1978-லிருந்து பத்து மைல் பந்தயம் ஒன்று நடத்தியது. முப்பத்துச் சொச்சம் பேரோடு தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. 2017-ல் நாற்பதாவது ஓட்டம் முடிந்ததும், போதும் என்று சுருட்டி வைத்துவிட்டார்கள். கூட்டம் இருக்கும்போதே கடையைச் சாத்தினார்கள். இந்தப் பகுதியை எழுதுகிறவனுக்கும் அது தெரிந்திருக்கலாம் என்று ஒரு வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது.

கே: ஓட்டம் முடிந்ததும் சாப்பிட என்ன கொடுத்தார்கள்? (கும்பகோணம்)

ப: ஊரைச் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். டீ. நம் கல்யாண வீட்டுக் காபி அண்டாவுக்குத் தம்பி மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து, கரண்டி நிற்கிற கெட்டியில். கூடவே பழ கேக் ஒரு துண்டு. அதற்கு மேல் கொடுத்தால் வீட்டில் வான்கோழி யார் தின்பது?

கே: அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே?

ப: வாசலில் வாளி அம்மாள் முன்னால் நின்று பையைத் தடவியபோதுதான் தெரிந்தது, பர்ஸ் வீட்டில். எனக்குப் பின்னால் நின்றவர் அந்தப் பாட்டி. ஒன்றும் சொல்லாமல் தன் காசோடு எனக்காகவும் இரண்டு யூரோ போட்டார். நடக்கும்போது எந்த ஊர் என்று விசாரித்தார். மெட்ராஸ் என்றேன். நின்றுவிட்டார். அவருடைய பெரியத்தை பிரசெண்டேஷன் கன்னியாஸ்திரீயாக அங்கே போனவராம். அந்தச் சபை அயர்லாந்தில் பிறந்தது. 1842-லேயே அதன் கன்னியாஸ்திரீகள் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அத்தை இருபத்திரண்டு வயதில் கப்பல் ஏறினார், திரும்பி வரவேயில்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம், எல்லாவற்றிலும் முதல் வரி வெயிலைப் பற்றி.

“அங்கே அவ்வளவு வெயிலா?” என்று கேட்டார். டிசம்பரில்கூட மின்விசிறி போட்டுக்கொள்வோம் என்றேன். அதை நம்பினாரா தெரியாது. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். எல்லைக் கொடியருகில், அந்த இரண்டு யூரோவை மறுநாளே கொண்டுவந்து தருகிறேன் என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேண்டாம். அடுத்த வருஷம் கொஞ்சம் சீக்கிரம் நட. எனக்கு உருளைக்கிழங்கு கிடக்கிறது.”